மச்சாள் சமைத்த டேலியா

அன்று மத்தியானம் அந்தக் கறியை நான் இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு யாரும் சொல்லி நீங்கள் கேள்விப்படுவதைவிட நானே சொல்வது மரியாதை.

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் எங்கள் வீடு. சாப்பிட உட்காரும் நேரத்துக்குத்தான் ரயிலும் போகும். கண்ணாடி அலுமாரிக்குள் கோப்பைகள் கிணுகிணுத்து அடங்கும். அன்று சிவப்பரிசிச் சோறு, பருப்பு, பொன்னாங்காணிச் சுண்டல், அதோடு தேங்காய்ப்பாலில் வெள்ளையாக வைத்த ஒரு கிழங்குக் கறி. பச்சை மிளகாய் கீறிப் போட்டு, இறக்கியபின் தேசிக்காய் பிழிந்திருந்தது. கிழங்கு பல்லில் கொஞ்சம் நறுக்கென்றது. லேசான இனிப்பும் இருந்தது.

கறி நன்றாக இருக்கிறது, என்ன கிழங்கு மச்சாள் என்று கேட்டேன்.

"நீதானே வாங்கிக் கூடைக்குள்ள வச்சிருந்தனீ. என்னட்டைக் கேக்கிறாய்" என்றார் மச்சாள்.

கை கழுவாமலே எழுந்து சமையலறைக்குப் போனேன். வெங்காயத் தட்டுக்குக் கீழே நான் வைத்திருந்த பிரம்புக் கூடை வெறுமையாகக் கிடந்தது. அடியில் பழைய பேப்பரும் கொஞ்சம் மரத்தூளும் மட்டும்தான் மிச்சம்.

என் டேலியாக் கிழங்குகள் முழுவதும் கறியாகிவிட்டன. அதில் பாதியை நானே தின்றிருந்தேன்.

செத்துப் போவோமா என்ற கேள்வி

முதலில் வந்தது கோபம் அல்ல, பயம். பூச்செடிக் கிழங்கைத் தின்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. ஒழுங்கை முகப்பில் மருந்துக்கடை வைத்திருக்கும் பெண்ணுக்கு ஃபோன் எடுத்தேன். அவள் கொஞ்ச நேரம் எதையோ தேடிப் பார்த்துவிட்டு, சில நாடுகளில் இதைச் சாப்பிடுகிறார்களாம், சாகமாட்டீர்கள் அக்கா, ஆனால் வயிறு ஊதும் என்றாள். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னாள். வயிறும் அவள் சொன்னபடியே ஊதியது.

பயம் போன இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது.

மச்சாளைப் பற்றி இந்தப் பத்தியில் முன்பு ஓரிரு வாரம் எழுதியிருக்கிறேன். புதிதாக வாசிக்க வந்தவர்களுக்காக மறுபடி சொல்கிறேன். என் கணவரின் அக்கா அவர். கலியாணம் கட்டவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் ரீச்சராக இருந்தவர். சண்டைக் காலத்தில் வீடு வாசல் போய்க் கொழும்புக்கு வந்து தம்பியோடு தங்கினார். பிறகு தம்பி, அதாவது என் கணவர், காலமாகிவிட்டார். அக்காவும் தம்பி பெண்சாதியும் மிஞ்சினோம். நடுவில் இருந்த ஆள் இல்லை.

எங்கள் இருவருக்கும் பொதுவாக எதுவும் இல்லை என்று நான் நினைத்திருந்தேன். அவர் விடிய எழும்பித் தேவாரம் சொல்வார். எனக்கு விடிய ஒரு தேத்தண்ணி குடிக்காமல் கடவுளோடும் கதைக்க முடியாது. அவர் கறிக்கு உப்புக் குறைப்பார். நான் கூட்டுவேன். இப்படியே காலம் ஓடியது.

தங்கச்சி தந்த பை

டேலியாவை வெள்ளவத்தையில் வளர்ப்பது லேசுப்பட்ட காரியம் அல்ல. அது குளிர் ஊர்ப் பூ. நுவரெலியாவிலும் பண்டாரவளையிலும் வேலியோரத்தில் கேட்பாரற்று நின்று பூக்கும். இங்கே இளவரசியைப் போல் பார்க்க வேண்டும்.

காலை வெயில் வேண்டும், மத்தியான வெயில் கூடாது. தண்ணீர் வேண்டும், ஈரம் நிற்கக் கூடாது. கடற்காற்றில் உப்பு வந்து இலையில் படிந்தால் ஓரமெல்லாம் கருகும். அதனால் பின்னேரம் பின்னேரம் இலைகளை நல்ல தண்ணீரால் கழுவிவிடுவேன். சட்டிக்கு ஈரச் சாக்குச் சுற்றி வைப்பேன். மழைக்குப் பின் நத்தைகள் சுவரேறி வந்து இளந்தளிரைத் தின்று தீர்க்கும். அவற்றை இடுக்கியால் பொறுக்கி உப்புத் தண்ணீரில் போடுவேன். ஒரு சைவக்காரி செய்யும் வேலையா இது என்று மச்சாள் கேட்பார். நான் அடுத்த நத்தையைப் பொறுக்குவேன்.

பக்கத்துக் காணியில் அடுக்குமாடி எழும்பியபோது ஒழுங்கையே வெளிச்சம் போச்சு, காற்றுப் போச்சு என்று புலம்பியது. நானும் சேர்ந்து புலம்பினேன். ஆனால் அந்தக் கட்டடத்தின் நிழல் மத்தியானம் சரியாக என் சட்டிகளில் வந்து விழுந்தது. இத்தனை வருடம் குடையும் ஓலையும் வைத்து நான் படாத பாடுபட்டதை அது சும்மா செய்து தந்தது. அதற்குப் பிறகு புலம்பலைக் குறைத்துக்கொண்டேன்.

என் டேலியா அப்பாவின் டேலியா. அப்பா ரயில்வேயில் வேலை செய்தவர். யாழ்ப்பாணத்து ஆள் என்றாலும் வேலை அவரைப் பண்டாரவளைக்குக் கொண்டுபோனது. நாங்கள் அங்கேதான் வளர்ந்தோம். மலைநாட்டு ஸ்டேஷன்களில் எவருடைய பூந்தோட்டம் வடிவு என்று ஸ்டேஷன் ஆட்களுக்குள் ஒரு போட்டி எப்போதும் உண்டு. அப்பா மற்ற எல்லாவற்றிலும் விட்டுக்கொடுப்பார், இதில் மட்டும் விடமாட்டார். கறுப்போ என்று நினைக்க வைக்கும் கடுஞ்சிவப்பு டேலியா ஒன்று அவரிடம் இருந்தது. எந்தத் துரை தந்தார், எந்தத் தோட்டத்தில் களவெடுத்தார் என்று ஆளுக்கொரு கதை. அப்பா சிரிப்பதோடு சரி.

அப்பாவுக்குப் பிறகு அதைக் காப்பாற்றியது என் தங்கச்சி பத்மா. அவள் பண்டாரவளையிலேயே ரீச்சராகி அங்கேயே இருந்துவிட்டாள்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. கொழும்பில் டேலியா தை, மாசியில் ஒருதரம் பூக்கும். பிறகு செடி காய்ந்துவிடும். கிழங்கை அப்படியே மண்ணில் விட்டால் இந்தச் சூட்டில் அழுகும். அதனால் சித்திரை லீவுக்கு அவளிடம் போகும்போது கிழங்குகளைக் கிண்டி, காயவைத்து, பேப்பரில் சுற்றிப் பதுளை ரயிலில் கொண்டுபோவேன். அவை அங்கே குளிரில் ஓய்வெடுக்கும். மழை தொடங்கும் காலத்தில் அவள் ஒரு பையில் போட்டு இறக்கிக்கொண்டு வருவாள். வருடத்தில் இரண்டு தரம் நாங்கள் சந்தித்தது அந்தக் கிழங்குகளின் புண்ணியத்தில்தான். பிள்ளைகளைப் பாட்டி வீட்டுக்கு லீவுக்கு அனுப்புவது மாதிரி இது என்று என் கணவர் பகிடி பண்ணுவார்.

போன வருடம் ஐப்பசியில் பத்மா வீட்டை விற்றுவிட்டு மகளோடு இருக்க மெல்பேர்னுக்குப் போனாள். போகும் வழியில் எங்கள் வீட்டுக்கு வந்து பையை மேசையில் வைத்தாள். மலையில் இருந்ததெல்லாம் இதற்குள் இருக்கிறது, வேறு எங்கும் இல்லை என்றாள்.

"இனி உன்ர பொறுப்பு. பழுதாக்கிப் போடாத" என்றாள் கடைசியாக.

அந்தப் பையைத்தான் நான் சமையலறைக் கூடையில் கொட்டி வைத்தேன். வீட்டிலேயே காய்ந்த இடம் அதுதான்.

வாசம் இல்லாத பூ

மச்சாள் வேண்டுமென்றே செய்தார் என்று நான் நினைத்தேன். நினைக்கக் காரணமும் இருந்தது.

வெள்ளவத்தையில் பூமரம் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று தெரியும். விடியற்காலையில் நடைப்பயிற்சிக்குப் போகும் பெரியவர்கள் கையில் ஒரு ஷொப்பிங் பை இருக்கும். மதிலுக்கு மேலே தலைகாட்டும் செவ்வரத்தை, நந்தியாவட்டை, அலரி எல்லாம் அந்தப் பைக்குள் போகும். சாமிக்கு ஆய்வது களவு இல்லை என்பது அவர்கள் சட்டம். பதவியில் இருந்து இளைப்பாறியவர்கள், டொக்டர்மார், ஒரு நீதவான்கூட. கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று இருமினால், குட்மோர்னிங் சொல்லிவிட்டு ஆய்வார்கள்.

ஆனால் என் டேலியாவை ஒருவரும் தொட்டதில்லை. டேலியாவுக்கு வாசம் இல்லை. வாசம் இல்லாத பூ சாமிக்கு ஆகாது. இதை எனக்குச் சொன்னவர் மச்சாள்தான். சும்மா நிற்கிற பூ என்பார். அந்த இடத்தில் ஒரு கறிவேப்பிலையோ வல்லாரையோ வைத்தால் வீட்டுக்கு உதவும் என்பார். ஒவ்வொரு வருடமும் சொல்வார்.

அதனால்தான் அன்று என் மனம் அப்படி ஓடியது. யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த மனுஷி. இராசவள்ளி, கரணை, சிறுகிழங்கு, மரவள்ளி என்று எத்தனை கிழங்கு கண்டவர். அவருக்கா இது எது என்று தெரியாமல் போகும்? நான் அந்தப் பையை எத்தனை பத்திரமாக வைத்தேன் என்று பார்த்துக்கொண்டும் இருந்தாரே.

கேட்டேன். நல்ல தொனியில் கேட்கவில்லை. மச்சாள் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துத் துடைத்து நின்றார். சமையல் கிழங்கு என்றுதான் நினைத்தேன் என்று மட்டும் சொன்னார். மன்னிப்புக் கேட்கவில்லை, சண்டையும் பிடிக்கவில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

அன்று பின்னேரம் ரமணனுக்கு ஃபோன் எடுத்தேன். என் கணவரின் அண்ணன் மகன். கல்கிசையில் ஒரு ஃபிளாட்டில் இருக்கிறான். மாமியை, அதாவது மச்சாளை, வைத்துப் பார்ப்பது எனக்குக் கஷ்டமாய் இருந்தால் தனக்கு ஒரு நல்ல முதியோர் இல்லம் தெரியும் என்று அவன் முன்பு ஒருதரம் சொல்லியிருந்தான். அப்போது நான் அவனுக்கு ஏசினேன். இந்த முறை ஏசவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து கதை என்றேன்.

உரப் பீப்பாய்

ஃபோனை வைத்தபின்தான் மூளை வேலை செய்தது. டேலியாக் கிழங்கு எங்கே வேண்டுமானாலும் முளைக்காது. பழைய தண்டு சேர்ந்திருந்த கழுத்தில் இருந்துதான் முளை வரும். கிழங்கு எவ்வளவு பெரிதாய் இருந்தாலும் கழுத்து இல்லாவிட்டால் அது வெறும் கிழங்குதான். கறிக்கு வெட்டும்போது எவராவது கழுத்தைப் போடுவார்களா? சீவி எறிந்திருப்பார்கள்.

கொல்லையில் குப்பைகளை உரமாக்கும் பீப்பாய் ஒன்று இருக்கிறது. அதற்குள் தலையை விட்டேன். வெங்காயத் தோல், தேங்காய்த் திருவல், கீரைத் தண்டு எல்லாவற்றையும் பழைய பேப்பரில் கொட்டிக் குந்தியிருந்து கிளறினேன். கழுத்துகள் கிடைத்தன. சில நசிந்திருந்தன. சிலவற்றில் கொஞ்சம் கிழங்கும் ஒட்டிக்கொண்டிருந்தது. கழுவி, வெட்டுவாயில் சாம்பல் தடவி, தும்புத்தூளும் மணலும் கலந்த சட்டிகளில் புதைத்தேன்.

ஒவ்வொரு சட்டியிலும் ஒரு மூங்கில் தடியை நட்டேன். தடியை எப்போதும் முதலிலேயே நட்டுவிட வேண்டும், பிறகு நட்டால் கிழங்கைக் குத்தும். குனியும்போது தடி நுனி கண்ணில் பட்டுவிடாமல் ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு ஐஸ்கிறீம் கோப்பையைக் கவிழ்ப்பது என் பழக்கம். கையில் அகப்பட்டவை சிவப்புக் கோப்பைகள்.

வெள்ளி முழுவதும், சனி மத்தியானம் வரையும் நாங்கள் கதைக்கவில்லை. மச்சாள் சமைத்து மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுவார். ரேடியோ மட்டும் கேட்கும்.

சனிக்கிழமை பின்னேரம் நான் சட்டிகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டு நின்றேன். மச்சாள் கதவு நிலையைப் பிடித்துப் படியில் இறங்கி வந்தார். சமாதானத்துக்கு வருகிறார் என்று விளங்கியது. நான் முகம் கொடுக்கவில்லை. அவர் சட்டிகளின் பக்கம் பார்த்து நின்றார். பிறகு சொன்னார்:

"நான் பழுதாக்கினாலும் உன்ர டேலியா பூத்திட்டுது பிள்ளை. நல்ல சிவப்பு."

நான் திரும்பிப் பார்த்தேன். வெறும் மண். வெறும் தடி. தடியின் தலையில் சிவப்புக் கோப்பை.

பகிடி பண்ணுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். பகிடி இல்லை. என்னைச் சந்தோஷப்படுத்தப் பார்க்கும் முகம் அது.

கையில் இருந்த வாளியைக் கீழே வைத்தேன். கொஞ்சக் காலமாகக் கை நடுங்குகிறது என்று அவர் தையலை விட்டது நினைவுக்கு வந்தது. கோயிலுக்குத் தனியே போவதை நிறுத்தி முழங்காலைச் சாட்டியது நினைவுக்கு வந்தது. தேத்தண்ணி ஊற்றும்போது கோப்பை விளிம்பில் விரலை வைத்திருப்பார். நான் அதை அசிங்கம் என்று மனதுக்குள் திட்டியிருக்கிறேன். சுவர் ஓரமாகவே நடப்பார். கிழங்கையும் தடவித்தான் பார்த்திருப்பார். கைக்கு அது சமையல் கிழங்காகத்தான் இருந்திருக்கும்.

"மச்சாள், உங்களுக்குக் கண் தெரியேல்லையோ?"

அவர் கை துளசி மாடத்தைத் தேடிப் பிடித்தது.

"மங்கலாத் தெரியுது. நிறம் தெரியும். ஆள் தெரியும். முகம் தெரியாது."

எவ்வளவு காலமாக என்று கேட்டேன். தம்பியின் ஆண்டுத் திவசத்துக்கு முன்பிருந்தே என்றார். அப்படியென்றால் வருடக்கணக்காக. இத்தனை காலம் இந்த மனுஷி எனக்குச் சமைத்து, எனக்குத் தேத்தண்ணி ஊற்றி, வீட்டை ஒட்டறை அடித்திருக்கிறார். ஒருமுறைகூட வாய் திறக்கவில்லை. ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று நான் கேட்டபோது என் குரல் கூடிவிட்டது.

"கண் தெரியாத கிழவியை ஆர் வச்சிருப்பினம்?" என்றார் மச்சாள். "தம்பி இருந்தா வேற கதை. நீ நல்ல பிள்ளைதான். ஆனா உனக்கு என்னைப் பாக்கவேணும் எண்டு என்ன கிடக்கு? வேலை செய்யிற மட்டும்தானே இருக்கலாம்."

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். மழை வரும்போல கிடக்கு என்று சொல்வது மாதிரி. எனக்கு வெட்கம் வந்தது. ரமணனுக்கு ஃபோன் எடுத்த கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை

ரமணனை வரவேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்ன காரணம் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே கேட்டில் கார் வந்து நின்றுவிட்டது.

நல்ல பிள்ளை அவன். பழங்கள், மாமிக்குப் பிடித்த மஸ்கட் இனிப்பு எல்லாம் வாங்கி வந்தான். கதிரையில் இருந்ததும் விஷயத்துக்கு வந்துவிட்டான்.

"சித்தி, நான் அங்க கதைச்சனான். ஒரு அறை இருக்காம். அடுத்த மாதமே போகலாமாம்."

மச்சாள் தேத்தண்ணித் தட்டோடு வாசற்படியில் நின்றார். கோப்பைகள் ஒன்றோடொன்று தட்டுப்படும் சத்தம் எனக்குக் கேட்டது. அவர் அப்படியே நின்றார், உள்ளே வரவுமில்லை, திரும்பிப் போகவுமில்லை. மாமி கேட்டுவிட்டார் என்று விளங்கி ரமணன் தலையைக் குனிந்துகொண்டான்.

நான் எழுந்துபோய்த் தட்டை வாங்கினேன்.

"அறை இங்கயே கிடக்கு" என்றேன். "உன்னைக் கூப்பிட்டது காருக்கு. மாமிக்குக் கண்ணில வெள்ளை படர்ந்திருக்கு. களுபோவிலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டவேணும். எண்டைக்கு லீவு எடுப்பாய்?"

அவன் என்னை ஒருமுறை பார்த்தான், மாமியை ஒருமுறை பார்த்தான். பிறகு வரும் புதன்கிழமை என்றான். அவனுக்கும் ஒரு பாரம் இறங்கியது மாதிரித்தான் இருந்தது.

அவன் போன பின் மச்சாள் கோப்பைகளைக் கழுவினார். நான் பக்கத்தில் நின்று துடைத்தேன். கடைசியில், கோபத்தில் அவனுக்கு ஃபோன் எடுத்திருப்பாய் என்றார். ஓம் என்றேன். அதற்குப் பிறகு அதைப்பற்றி நாங்கள் இன்றுவரை கதைக்கவில்லை.

ஒரு கண்

டொக்டர் பார்த்துவிட்டு, இது வழமையான ஒப்பரேஷன், முதலில் ஒரு கண்ணைச் செய்வோம் என்றார். மச்சாள் மாட்டேன் என்றார். உள்ளதும் போய்விட்டால் என்ன செய்வது என்பது அவர் கேள்வி. இருக்கிற நிறமும் நிழலும் போனால் நேரே அந்த இல்லத்துக்குத்தான் என்று அவர் மனதுக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வாயால் சொல்லவில்லை என்றாலும் எனக்கு இப்போது அவரை வாசிக்கத் தெரிந்திருந்தது.

போனால் இப்போது செய்வது மாதிரியே தடவித் தடவிச் சமையுங்கள், இவ்வளவு காலம் நான் கண்டுபிடிக்கவில்லையே என்றேன். அதற்கு அவர் சிரித்துவிட்டார். ஆனால் சம்மதிக்கவில்லை. கார்த்திகை விளக்கீடு போனது, மார்கழித் திருவெம்பாவை போனது. ஒவ்வொரு நாளும் நான் கேட்பதும் அவர் மழுப்புவதுமாக இருந்தது.

இதற்கிடையில் சட்டிகளில் ஒவ்வொரு கழுத்தாக அழுகியது. கிண்டிப் பார்ப்பேன், கறுத்துக் கூழாகியிருக்கும். தோண்டி எறிவேன். பத்மா மெல்பேர்னில் இருந்து வீடியோவில் கேட்பாள், முளை வந்துவிட்டதா என்று. வரும் என்பேன். கறிக் கதையை அவளுக்குச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. இதை வாசித்துத்தான் அறிவாள்.

கடைசியாக மிஞ்சிய சட்டியில் ஒருநாள் காலை செம்பச்சையில் ஒரு முளை தலைகாட்டியது. நான் போட்ட சத்தத்துக்கு மச்சாள் பயந்து ஓடிவந்தார். ஓடிவந்த வேகத்தில் சட்டியில் கால் இடறிவிட்டது. நான் பிடித்திருக்காவிட்டால் முளையும் போயிருக்கும், மச்சாளும் விழுந்திருப்பார். என் கையைப் பிடித்தபடியே நின்று கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்.

"சரி. நாள் கேள்" என்றார்.

ஒப்பரேஷன் தை மாதம் நடந்தது. நீல அங்கியில் ஒரு நேர்ஸ் பிள்ளை மச்சாளின் தாடையைத் தூக்கிப் பிடித்து, "அம்மே, உட பலன்ன" என்று மேலே பார்க்கச் சொன்னாள். மச்சாளுக்குச் சிங்களம் வராது. ஆனால் சொன்னபடி பார்த்தார். கூட வந்தவர்கள் உள்ளே போக முடியாது என்றார்கள். கதவு மூடும்வரை அவர் என் கையை விடவில்லை.

வெளியே மர வாங்கில் உட்கார்ந்து கும்பிடத் தெரியாத கும்பிடெல்லாம் கும்பிட்டேன். தேத்தண்ணி குடிக்காமல்தான்.

அடுத்த நாள் கட்டைப் பிரித்து, சொட்டு மருந்து விட்டு, ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டார்கள். வெளிச்சம் தெரிகிறதா என்று கேட்டதற்கு ஓம் என்றார். கொஞ்சம் கலங்கலாய் இருக்கும், மெல்ல மெல்லத் தெளியும் என்றாள் நேர்ஸ். ஓட்டோவில் ஏறியதும் மச்சாள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். திறந்து பாருங்கோ என்றேன். வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம் என்றார். காலி வீதி முழுவதும், ஹோர்ன் சத்தத்துக்கும் புகைக்கும் நடுவில், மூடியபடியே வந்தார். திறந்து பார்த்து ஒன்றும் தெரியாவிட்டால் என்ற பயம் எனக்கு விளங்கியது. நானும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

அந்தச் செடி அந்த வாரம்தான் பூத்திருந்தது. பக்க மொட்டுகளைக் கிள்ளி எறிந்து ஒன்றை மட்டும் விட்டிருந்தேன். பண்டாரவளைப் பூவின் பாதி அளவுகூட இல்லை. ஆனால் அதே கடுஞ்சிவப்பு. விடிய நான் அந்தச் சட்டியைத் தூக்கி வந்து கேட்டுக்கு உள்ளே, நடைபாதையிலேயே வைத்திருந்தேன். மச்சாள் முதலில் பார்ப்பது அதுவாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. சும்மா நிற்கிற பூ என்று இனிமேல் சொல்லட்டும், பார்க்கலாம்.

கையைப் பிடித்து இறக்கி, கேட்டைத் திறந்து, பூவுக்கு நேரே கொண்டுபோய் நிறுத்தினேன். வெயில் படாமல் குடையைப் பிடித்தேன். இப்போது கழற்றுங்கள் என்றேன்.

மச்சாள் கண்ணாடியைக் கழற்றினார். இமை துடித்தது. மெல்லத் திறந்தார், நீர் வழிந்தது, மூடினார், மறுபடி திறந்தார். பூ அவர் இடுப்பளவில், ஒரு கை தூரத்தில் நின்றது. அவர் அதைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். பார்த்தபடியே நின்றார். பிறகு கையைத் தூக்கி என் நெற்றியில் விழுந்திருந்த மயிரை ஒதுக்கினார்.

"எப்ப பிள்ளை உனக்கு இவ்வளவு நரைச்சது?" என்றார். "ஏன் ஒருதரும் எனக்குச் சொல்லேல்லை?"

என் கணவர் போனதற்குப் பிறகு என் முகத்தை ஒருவரும் இப்படி நின்று பார்த்ததில்லை. எனக்கு அது வேண்டியிருந்தது என்றுகூட அதுவரை எனக்குத் தெரியாது. குடையை அவர் பக்கம் இன்னும் சரித்தேன்.

கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று சொன்னார்கள், அழாதீர்கள் மச்சாள் என்றேன்.

"நான் அழேல்லை. நீதான் அழுறாய்" என்றார். "எனக்கு வடிவாத் தெரியுது."